கஷ்கொட்டைப் பூ உதிரும் பெயரும் என் அப்பா பெயரும்: கோபேயில் ஒரு முத்திரைக் கடை

போன வருடம் மே மாதம் பழைய கார் ஒன்றுக்கு முன்பணம் கொடுத்தோம். மஞ்சள் நம்பர் பலகை போட்ட சின்ன 'கெய்' வண்டி என்றால் இவ்வளவு வேலை இல்லை. நாங்கள் பார்த்தது கொஞ்சம் பெரிய வண்டி. அதை என் பெயரில் பதிய வேண்டுமென்றால் வார்டு அலுவலகத்தில் பதிவான முத்திரையும் அதற்கான சான்றிதழும் வேண்டும் என்றார்கள். ஒன்பது வருடமாக ஜப்பானில் இருக்கிறேன், அதுவரை கையெழுத்தை வைத்தே காலத்தை ஓட்டியாயிற்று. அப்படித்தான் கோபே மோத்தோமாச்சி பக்கம் ஒரு சந்தில் இருக்கும் இந்தக் கடைக்குப் போய்ச் சேர்ந்தேன்.

கடையின் பெயரை இங்கே எழுதவில்லை. கடைக்காரருக்கு 78 வயது. கையில் இருக்கும் வேலையே ஆறு வாரத்துக்குக் குறையாது, விளம்பரம் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். ஆனால் இப்படிப்பட்ட கடை எப்படி இருக்கும், அங்கே என்ன எதிர்பார்க்கலாம் என்பது தெரிந்தால் இங்குள்ள நம் ஆட்களுக்கு உதவும். உங்கள் ஊரிலும் இப்படி ஒருவர் இருப்பார், தேடினால் கிடைப்பார்.

முதலில் ஹான்கோ என்கிற இந்தப் பெயர் முத்திரை பற்றிச் சுருக்கமாக. அது நம்மூர் ரப்பர் ஸ்டாம்ப் இல்லை. 6 சென்டிமீட்டர் நீளத்துக்கு உருண்டையான ஒரு மரத்துண்டு, அல்லது எருமைக்கொம்பு. அதன் நுனி வட்டத்தில் பெயரைச் செதுக்கியிருப்பார்கள். கூரியர் வாங்க ஒன்று, வங்கிக்கு ஒன்று, அரசாங்கத்தில் பதிவு செய்த 'ஜிட்சுஇன்' ஒன்று என்று வீட்டில் ஆளுக்கு இரண்டு மூன்று வைத்திருப்பார்கள். 15 வயது ஆனவர்கள் ஜிட்சுஇன் பதியலாம், வெளிநாட்டவரும் பதியலாம். பதிந்த முத்திரையின் பதிப்பு 8 மில்லிமீட்டர் சதுரத்தைவிடப் பெரிதாகவும் 25 மில்லிமீட்டர் சதுரத்துக்குள் அடங்குவதாகவும் இருக்க வேண்டும். ரப்பர் கூடாது. 2020-ல் நிர்வாகச் சீர்திருத்த அமைச்சராக இருந்த கோனோ தாரோ அரசு அலுவலக வேலைகளில் முத்திரையை ஒழிக்க இறங்கினார். இப்போது பெரும்பாலான விண்ணப்பங்களுக்கு அது தேவையில்லை. ஆனால் வீடு, நிலம், கார் என்று வந்தால் இன்றும் ஜிட்சுஇன் கேட்கிறார்கள்.

இந்தக் கடைக்கு வருமுன் நான் ஒரு தப்பு செய்தேன். இணையத்தில் 1,800 யென்னுக்கு ஆர்டர் போட்டேன். அவர்கள் படிவத்தில் ஐந்து எழுத்துக்கு மேல் இடமில்லை. என் பெயர் பாதியில் வெட்டுப்பட்டு வந்தது. வார்டு அலுவலகத்தில் அந்த அம்மா முத்திரையைப் பதிவேட்டோடு ஒத்துப் பார்த்துவிட்டு, இரண்டு கையாலும் பணிவாகத் திருப்பிக் கொடுத்துவிட்டார். முத்திரையில் இருப்பது குடும்பப் பெயராகவோ, சொந்தப் பெயராகவோ, இரண்டும் சேர்ந்தோ இருக்கலாம். பாதிப் பெயர் கூடாது.

மறுநாள் அலுவலகத்தில் இதைச் சொல்லிக்கொண்டிருந்தபோது பக்கத்து மேசை அக்கா, "நான் பிறந்ததிலிருந்து இந்தப் பிரச்சினைதான், வா" என்று கூட்டிக்கொண்டு போனார்.

அந்த அக்காவின் பெயர்தான் இந்தக் கட்டுரைக்கே காரணம்.

இங்கே 100 யென் கடைகளில் சுழலும் கம்பி ஸ்டாண்டில் முத்திரைகள் தொங்கும். ஆ வரிசை, கா வரிசை, சா வரிசை என்று ஜப்பானிய அகர வரிசைப்படி அடுக்கியிருப்பார்கள். ஸ்டாண்டைச் சுற்றி உங்கள் பெயரை எடுத்துக் காசு கொடுத்துவிட்டு வரலாம். சாத்தோக்களுக்குப் பிரச்சினையே இல்லை, இந்த நாட்டில் 18 லட்சத்துக்கு மேல் சாத்தோக்கள் இருக்கிறார்கள். சுசுகி, தாகாஹாஷி, தனாகா எல்லாரும் அப்படியே. அக்கா சின்ன வயதில் அந்த ஸ்டாண்டைப் பார்க்கும்போதெல்லாம் 'ட்சு' வரிசைக்கு ஓடுவாராம். ட்சுஜி இருக்கும், ட்சுச்சியா இருக்கும், ட்சுதா, ட்சுட்சுயி எல்லாம் இருக்கும். ஒருநாளும் ட்சுயுரி இருந்ததில்லை.

ட்சுயுரி என்று எழுத மூன்று கான்ஜி, அதாவது சீனாவிலிருந்து வந்த எழுத்துகள்: கஷ்கொட்டை (செஸ்ட்நட்), பூ, உதிர்தல். மூன்றுக்கும் தனித்தனியாக உள்ள ஓசைக்கும் 'ட்சுயுரி' என்ற ஓசைக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. எழுத்தைப் பார்த்துப் படிப்பவர் 'குரிஹானாஓச்சி' என்றுதான் படிப்பார். ஒரு மருத்துவமனையில் அப்படியே ஒலிபெருக்கியில் கூப்பிட்டார்களாம். யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று அக்கா முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருக்கிறார்.

இந்தப் பெயரை அவிழ்க்கப் பருவம் தெரிய வேண்டும். ஜப்பானில் ஜூன் மாதம் மழைக்காலம். அதற்குப் பெயர் 'ட்சுயு'. எழுதும்போது 'ப்ளம் மழை' என்று எழுதுவார்கள். மழைக்காலம் தொடங்குவது 'ட்சுயு-இரி', அதாவது மழை நுழைவு. சேர்த்துச் சொன்னால் ட்சுயுரி. சரி, கஷ்கொட்டை எங்கே வந்தது? மலையடிவாரத்தில் கஷ்கொட்டை மரங்கள் பூத்து, அந்தப் பூ உதிரும் சமயத்தில்தான் மழை தொடங்கும். ஓசை மழை நுழைவதைச் சொல்கிறது, எழுத்து அப்போது கண்ணுக்குத் தெரிவதைச் சொல்கிறது. நம்மூரில் ஒரு குடும்பத்துக்கு 'வேப்பம்பூ உதிர்வு' என்று எழுதிவிட்டு அதைச் 'சித்திரை' என்று வாசித்தால் எப்படி இருக்குமோ, அப்படி.

கடை சின்னது. இரண்டு பேர் நின்றால் மூன்றாமவர் தெருவில்தான் நிற்க வேண்டும். சுவரில் சட்டம் போட்ட சான்றிதழ் ஒன்று, முத்திரை செதுக்குவதில் முதல் நிலைத் தேர்ச்சி. பெரியவர் இளவயதில் யாமானாஷி மாகாணத்தின் ரொக்குகோவில் தொழில் பழகியவர். நாட்டின் முத்திரைகளில் பாதி அந்த ஒரு வட்டாரத்தில் செய்தவை என்பார்கள், நம் சிவகாசிப் பட்டாசு மாதிரி.

அக்காவைப் பார்த்ததும் அவர் எழுந்து உள்ளே போய்த் தடிமனான ஒரு நோட்டை எடுத்து வந்தார். அவருடைய அப்பா காலத்திலிருந்து எழுதி வருவது. ஸ்டாண்டில் கிடைக்காத பெயர் எதைச் செதுக்கினாலும் இந்த நோட்டில் ஒரு பக்கம் உண்டு. மேலே முத்திரையின் சிவப்புப் பதிப்பு. அதன் கீழே வாசிப்பு. அதற்கும் கீழே, அந்தக் குடும்பம் எந்த ஊர், பெயர் எப்படி வந்ததாக வீட்டில் சொல்வார்கள் என்று நாலு வரி. அக்காவின் தாத்தா முத்திரை ஒரு பக்கத்தில், அப்பா முத்திரை அடுத்த பக்கத்தில், அக்காவுடையது அதற்கடுத்து. காசு வாங்கிக்கொண்டு செதுக்கிக் கொடுத்தால் போதாதா என்று யாரும் கேட்கலாம். எனக்கு அந்த நோட்டைப் பார்த்ததும்தான் இந்தக் கடையின் மேல் மரியாதையே வந்தது.

பக்கங்களைப் புரட்டிக் காட்டினார். ஒரு குடும்பத்துக்குப் பெயர் 'நாலாம் மாதம் முதல் தேதி'. வாசிப்பது 'வாதானுகி'. பழைய நாட்காட்டியில் அந்தத் தேதியில்தான் குளிர்கால உடுப்பின் உள்ளே வைத்துத் தைத்த பஞ்சை உருவி எடுப்பார்கள். 'வாதா' பஞ்சு, 'நுகி' உருவுதல். இன்னொரு பெயரில் 'சிறு பறவை' என்றும் 'விளையாடு' என்றும் எழுத்துகள், வாசிப்பு 'தாகானாஷி'. தாகா என்றால் பருந்து, நாஷி என்றால் இல்லை. பருந்து இல்லாத இடத்தில்தானே குருவிகள் விளையாடும்! 'நிலா தெரியும் ஊர்' என்று எழுதி 'யாமானாஷி' என்று படிக்கும் பெயரும் அதே மாதிரிதான்: மலை இல்லை, அதனால் நிலா தெரிகிறது. வெறும் 'ஒன்று' என்ற ஒற்றைக் கோட்டை எழுதி 'நினோமாயே' என்று படிக்கிறார்கள், 'இரண்டுக்கு முன்னால்' என்று பொருள். எங்கள் பாட்டி விடுகதை போட்டுவிட்டு எங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாளே, ஒவ்வொரு பக்கத்தைக் காட்டும்போதும் பெரியவர் முகத்தில் அதே பார்வை.

இத்தனை பெயர் எப்படி வந்தது என்பதையும் அவரே சொன்னார். முன்பு சாதாரண மக்கள் குடும்பப் பெயரை வெளியே சொல்லிக்கொள்ளக் கூடாது, அது சாமுராய் போன்றவர்களின் உரிமை. 1870-ல்தான் எல்லாரும் வைத்துக்கொள்ளலாம் என்று மெய்ஜி அரசு அனுமதித்தது. 1875 பிப்ரவரியில் வைத்தே ஆக வேண்டும் என்று ஆணை போட்டது. வரி வாங்கவும் ராணுவத்துக்கு ஆள் எடுக்கவும் பெயர் வேண்டும் அல்லவா? அந்தச் சமயத்தில் பலர் ஏற்கெனவே வீட்டுக்குள் புழங்கிய பெயரைப் பதிந்தார்கள், சிலர் வயலையும் ஓடையையும் பார்த்துப் புதிதாக வைத்தார்கள். இப்போது நாட்டில் குடும்பப் பெயர்கள் ஒரு லட்சத்துக்கு மேல். பக்கத்துக் கொரியாவில் 2015 கணக்கெடுப்பில் ஐந்தில் ஒருவர் கிம். இங்கே முதலிடத்தில் இருக்கும் சாத்தோவே நூற்றுக்கு ஒன்றரைப் பேர்தான்.

ஆனால் அந்த ஒரு லட்சமும் அப்படியே நிற்காது. ஜப்பானியச் சட்டப்படி கணவனும் மனைவியும் ஒரே குடும்பப் பெயரோடுதான் இருக்க வேண்டும், சிவில் சட்டம் 750-ஆம் பிரிவு. உச்ச நீதிமன்றம் 2015-லும் 2021-லும் இது அரசியல் சட்டத்துக்கு முரணில்லை என்றே சொன்னது. யார் பெயர் என்பதை அவர்களே முடிவு செய்யலாம் என்றாலும், நூற்றில் 95 வீடுகளில் பெண்தான் பெயரை விடுகிறாள். அப்படியென்றால் பெண் பிள்ளைகள் மட்டும் உள்ள ட்சுயுரி வீட்டில் என்ன ஆகும்? அடுத்த தலைமுறையில் ஒரு சாத்தோ கூடுவார், ஒரு ட்சுயுரி குறைவார். தொஹோகு பல்கலைக்கழகப் பேராசிரியர் யோஷிதா ஹிரோஷி 2024-ல் ஒரு கணக்குப் போட்டுக் காட்டினார். இந்தச் சட்டமும் சாத்தோக்கள் கூடும் வேகமும் மாறாமல் இருந்தால், 2531-ல் ஜப்பானில் எல்லாருமே சாத்தோவாக இருப்பார்கள். எச்சரிக்கைக்காகப் போட்ட கணக்குதான். ஆனாலும் அந்த நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு கேட்கும்போது வயிற்றைப் பிசைந்தது.

அக்கா வீட்டில் இரண்டும் பெண். தங்கை கல்யாணமாகிப் பெயரை மாற்றிக்கொண்டார். அக்காவின் கணவர் கல்யாணத்தின்போது, "நான் ட்சுயுரி ஆகிறேன்" என்று சொல்லிவிட்டார். அவருடைய பழைய பெயர் தனாகா. "தனாகாக்கள் பத்து லட்சத்துக்கு மேல் இருக்கிறார்கள், நான் ஒருவன் போனால் ஒன்றும் ஆகாது என்றார்" என்று அக்கா சொன்னபோது பெரியவர் தலையாட்டிக்கொண்டே அந்தக் கணவருடைய பக்கத்தையும் எடுத்துக் காட்டினார். ஒரே முத்திரைப் பதிப்பின் கீழே இரண்டு பேரின் பெயரும் ஊரும் எழுதியிருந்தது.

அப்புறம் என் முறை.

"உங்கள் குடும்பப் பெயர் என்ன?" என்று கேட்டார். குடியிருப்பு அட்டையை நீட்டினேன். அதில் என் அப்பா பெயர் முன்னாலும் என் பெயர் பின்னாலும் இருக்கும். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற கட்டத்தைச் சும்மா விட முடியாமல் அப்பா பெயரைப் போட்டதால் வந்தது. இதனால் ஒன்பது வருடமாக என்னை எல்லாரும் 'குரந்தைவெரு-சான்' என்றுதான் கூப்பிடுகிறார்கள். என் அப்பா பெயர் குழந்தைவேல். கரூரில் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் ரொம்பக் குறைவு, அண்ணன் என்றோ மாமா என்றோதான் கூப்பிடுவார்கள். இங்கே ஒரு நாளைக்கு இருபது முறை அவர் பெயர் என் காதில் விழுகிறது. முதல் வருடம் ஒவ்வொரு முறையும் அப்பா பின்னால் நிற்கிறாரோ என்று தோன்றும்.

பெரியவருக்கு விளக்கினேன். எங்களுக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று இல்லை. அப்பா பெயரின் முதல் எழுத்துதான் முன்னால் நிற்கும். "அப்படியானால் உங்கள் அப்பாவுக்கு?" அவருடைய அப்பா பெயரின் எழுத்து. "உங்கள் பிள்ளைகளுக்கு?" என் கணவர் பெயரின் எழுத்து. அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு யோசித்தார். "அப்படியென்றால் இந்தக் குடும்பப் பெயர் ஒரு தலைமுறைக்கு மட்டும்தான். ஜப்பானில் இது உங்கள் ஒருவருக்குத்தான் இருக்கும்" என்றார். அண்ணன் ஊரில் இருக்கிறான், நான் மட்டும்தான் இங்கே. நான் இதுவரை அப்படி நினைத்ததே இல்லை.

இந்த ஊரில் பெண்கள் பலரும் ஜிட்சுஇன்னில் சொந்தப் பெயரை மட்டும் செதுக்கிக்கொள்கிறார்கள். கல்யாணமானால் குடும்பப் பெயர் மாறிவிடும், முத்திரை வீணாகும் என்பதால். அந்த யோசனையைச் சொல்லிவிட்டு, "நீங்களே முடிவு செய்யுங்கள்" என்றார். என் பெயர் யாழினி. இதில் இன்னொரு சங்கடம் உண்டு. அப்பா பெயரை ஆங்கிலத்தில் எழுதியவர் ழ-வுக்கு எல் போட்டார், அது ஜப்பானிய எழுத்துக்கு வந்தபோது 'ர' ஆனது. என் பெயரில் ழ-வுக்கு இஸட் எச் போட்டார்கள், இங்கே அது 'ஜ' ஆகி நான் யாஜினி ஆனேன். ஒரே அட்டையில் ஒரே எழுத்து இரண்டு விதமாகத் தொலைந்திருக்கிறது. யாஜினியைவிடக் குரந்தைவெரு அப்பாவுக்குக் கொஞ்சம் பக்கத்தில் இருப்பதாகத் தோன்றியது. அப்பா பெயரையே செதுக்கச் சொன்னேன்.

வெளிநாட்டுப் பெயர்களை எழுதும் ஜப்பானிய ஒலியெழுத்தான கத்தகானாவில் அது எட்டு எழுத்து: கு, ரா, ன், தா, இ, வு, ஒரு குட்டி எ, ரு. 13.5 மில்லிமீட்டர் வட்டத்தில் எட்டு எழுத்து என்றால் நெரிசல். வலப்பக்கம் நாலு, இடப்பக்கம் நாலு என்று இரண்டு வரிசையாகப் பிரித்துப் பென்சிலில் போட்டுக் காட்டினார். குட்டி எ-வை மற்ற எழுத்துகளின் அளவுக்கே வரைந்திருந்தார். வாசிப்பு மாறிவிடுமே என்றேன். உடனே அழித்துவிட்டு, மூன்று விதமாக வரைந்து, ஒரு வாரம் கழித்து வந்து பார்க்கச் சொன்னார். ஒரு எழுத்துக்காக ஒரு வாரம்! கார்க்காரரிடம் ஜூன் கடைசிவரை அவகாசம் வாங்கினோம்.

மரம் 'ட்சுகெ', ககோஷிமா பக்கத்து மரம். நெருக்கமான இழை, மோர்க்குழம்பு நிறம். முகத்தைத் தேய்ப்புக்கல்லில் சமன் செய்து, சிவப்பு மை தடவி, அதன் மேல் கறுப்பு மையில் எழுத்தை இடவலமாகத் தூரிகையால் எழுதினார். அளவுகோல் எதையும் தொடவில்லை. பிறகு முத்திரையை மரப்பிடியில் ஆப்பு வைத்து இறுக்கி, எழுத்து இல்லாத இடத்தையெல்லாம் தோண்டி எடுத்தார். முதலில் அகலமான உளி, கடைசியில் ஊசி மாதிரி ஒரு கத்தி. அவர் ஊதுகிற ஒவ்வொரு தடவையும் மரத்தூள் மேசை விளக்கின் வெளிச்சத்தில் பறந்தது. முத்திரையில் விரல் வைக்கும் பள்ளம் கிடையாது. எது மேல்பக்கம் என்று ஒவ்வொரு தடவையும் திருப்பிப் பார்த்துத்தான் குத்த வேண்டும். காகிதத்தில் இருப்பதை இன்னொரு தடவை படிக்க அது அவகாசம் கொடுக்கும் என்பது அவர்கள் தொழிலில் வழிவழியாகச் சொல்வது.

முத்திரை தயாராவதற்குள் ஜூன் வந்துவிட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா எங்களைக் கோபே நகரின் வடக்கே கீதா வார்டில் உள்ள யாமாதா பகுதிக்கு, ஹாரானோ என்ற ஊருக்கு அழைத்துப்போனார். ட்சுயுரி என்ற பெயர் பிறந்த இடம் என்று சொல்லப்படும் கிணறு அங்கேதான் இருக்கிறது. கதை எட்டாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. யாமாதா ஊர்க்காரர் ஒருவர், மாசாகாட்சு என்று பெயர், அரண்மனையில் சின்ன வேலையில் இருந்தார். அமைச்சர் புஜிவாரா நோ தொயோனாரியின் மகள் ஷிராதாகியின் மேல் மனம் வைத்துப் பாட்டுப் பாட்டாக எழுதி அனுப்பினார். பேரரசர் ஜுன்னினின் காதுக்கு விஷயம் போய், அவரே முன்னின்று மணம் முடித்துவைத்தாராம். ஊருக்கு வந்த ஷிராதாகி ஒரு குழந்தையைப் பெற்றுவிட்டுச் சீக்கிரமே இறந்துபோனாள். அவளைப் புதைத்த இடத்தில் சன்னதி எழுப்பினார்கள். ஒவ்வொரு வருடமும் மழைக்காலம் தொடங்கி, கஷ்கொட்டைப் பூ உதிரும் சமயத்தில் அங்கே நீர் ஊறியது. அதனால் அந்தக் குடும்பம் தன் பெயரை ட்சுயுரி என்று மாற்றிக்கொண்டது.

தொயோனாரியும் ஜுன்னினும் வரலாற்றில் உள்ளவர்கள். மற்றது ஊர்க் கதை. இதே ஷிராதாகி கிழக்கே குன்மா மாகாணத்தின் கிர்யூ நகரிலும் வருகிறாள். அங்கே அவள் பட்டுப்புழு வளர்க்கவும் தறி நெய்யவும் சொல்லிக்கொடுத்த தெய்வம். தறிச்சத்தம் கேட்டே வளர்ந்த கரூர்க்காரி எனக்கு அந்த ஊருக்கும் போய்ப் பார்க்க வேண்டும்.

கிணறு சின்னது, சன்னதியும் சின்னது. நாங்கள் அதிகம் பேசவில்லை. போகும் வழியில் ஒரு கஷ்கொட்டை மரத்தடியில் காரை நிறுத்தச் சொல்லி அக்கா இறங்கினார். அந்தப் பூவை நான் பார்ப்பது அதுதான் முதல் தடவை. இதழ் எதுவும் கிடையாது. கம்பளிப்பூச்சி மாதிரி வெளிர்மஞ்சள் சரங்கள், பழுத்து உதிர்ந்ததும் பழுப்பாகித் தரையெல்லாம் சுருண்டு கிடக்கின்றன. வாசனை கொஞ்சம் கடுமை, எல்லாருக்கும் பிடிக்காது. அக்கா ஒன்றை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, "இதுதான் நான்" என்றார்.

அந்தக் கோடையில் அக்காவுக்கு ஒரு தபால் வந்தது. 2025 மே 26 முதல் குடும்பப் பதிவேட்டில் பெயரின் வாசிப்பையும் சேர்க்கிறார்கள். அதுவரை பதிவேட்டில் எழுத்து மட்டும்தான், அதை எப்படி உச்சரிப்பது என்பது கிடையாது. நூற்றைம்பது வருடமாக ட்சுயுரி என்ற ஓசை வீட்டு ஆட்களின் வாயிலும், இந்த மாதிரிக் கடைகளின் நோட்டிலும்தான் பத்திரமாக இருந்திருக்கிறது. தபாலில் வாசிப்பு சரியாகவே இருந்தது. அக்கா அதை நகலெடுத்துப் பெரியவருக்குக் கொண்டுபோய்க் கொடுத்தார். அவர் அதையும் நோட்டில் ஒட்டி வைத்தார்.

இனி குறைகள். விலை 24,000 யென். இயந்திரத்தில் செய்தால் இதில் பத்தில் ஒரு பங்குக்கே கிடைக்கும், கூரியர் வாங்குவதற்கு அதுவே போதும். ஆறு வாரம் என்று சொன்னது ஏழு வாரமானது. கார்க்காரரிடம் இன்னொரு முறை கெஞ்ச வேண்டியிருந்தது, அவசரத்தில் இருப்பவர்கள் இங்கே போகாதீர்கள். அட்டை, செயலி எதுவும் கிடையாது, ரொக்கம்தான். புதன்கிழமை விடுமுறை. ஆங்கிலம் துளியும் இல்லை, ஜப்பானியம் தெரியாதவர்கள் யாரையாவது கூட்டிக்கொண்டு போங்கள். முத்திரையோடு வரும் பெட்டி சுமாரானது, மூடியின் காந்தம் இப்போதே தளர்ந்துவிட்டது.

நம் ஆட்களுக்கு ஒரு விஷயம். வார்டு அலுவலகத்துக்கு முத்திரையைக் கொண்டுபோகுமுன், உங்கள் குடியிருப்புப் பதிவில் கத்தகானாப் பெயர் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். ஏறவில்லையென்றால் கத்தகானா முத்திரையைப் பதிய மாட்டார்கள். ஏறியிருந்தால் அதே எழுத்து, அதே வரிசை. கடைக்குப் போகும்போது அந்தக் காகிதத்தையும் கொண்டுபோங்கள்.

என் முத்திரை முதல் தடவையிலேயே பதிவானது. காரும் வந்தது.

முத்திரையை வாங்கப் போன அன்று பெரியவர் நோட்டைத் திறந்து என் பக்கம் திருப்பினார். மேலே சிவப்பு வட்டத்தில் எட்டு எழுத்து. அதன் கீழே அவர் கையால் 'இந்தியா, தமிழ்நாடு, கரூர்'. "பெயர் எப்படி வந்தது?" என்றார். என் பாட்டிக்குப் பல வருடம் பிள்ளை இல்லாமல், பழநிக்கு நடந்துபோய் வேண்டிக்கொண்டு பிறந்தவர் அப்பா. அதனால் பிள்ளையாக நிற்கும் முருகனின் பெயரை வைத்தார்கள். நான் சொல்லச் சொல்ல அவர் எழுதிக்கொண்டார். வேல் என்றால் என்ன என்று கேட்டார், விரலால் மேசையில் வரைந்து காட்டினேன், அதையும் பார்த்து ஓரத்தில் சின்னதாக வரைந்துகொண்டார். கடைசியில் பேனாவை என்னிடம் கொடுத்து, "உங்கள் எழுத்தில் நீங்களே எழுதுங்கள்" என்றார். எழுதினேன். வாதானுகிக்கும் தாகானாஷிக்கும் இடம் கொடுத்த அந்த நோட்டில் 'குழந்தைவேல்' என்று தமிழில் ஒரு வரி இருக்கிறது.

அன்று இரவு அப்பாவுக்கு முத்திரைப் பதிப்பைப் படமெடுத்து அனுப்பிவிட்டு போன் போட்டேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார்.

"இதுல 'ழ' எங்க கண்ணு?"

"இவுங்க எழுத்துல அது இல்லீங்கப்பா."

கொஞ்ச நேரம் பேச்சில்லை. நோட்டைப் பற்றிச் சொன்னேன், பாட்டி பழநிக்கு நடந்ததைப் பெரியவர் எழுதிக்கொண்டதையும் சொன்னேன்.

"அந்த நோட்டுலயாச்சும் 'ழ' போட்டு எழுதுனியா?"

"எழுதிட்டேனுங்கப்பா. நல்லாப் பெருசாவே எழுதியிருக்கேன்."